நகல் மனிதன் நான்தானா? வாசகர் வட்டத்தில் இக்கேள்வியை விவாதிக்க ஒரு வழிகாட்டி

"என்னைக் குளோன் செய்தால் பிறப்பவர் நான்தானா?" என்ற கேள்வியை எந்தக் கூட்டத்தில் எழுப்பினாலும், பத்தே நிமிடத்தில் பேச்சு ஆன்மா, மறுபிறவி, சினிமாவில் வரும் இரட்டை வேடம் என்று ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிவிடும். பேசுபவர்களுக்கு விவரம் போதாததால் இப்படி ஆவதில்லை. மூன்று வேறு காரியங்களை ஒரே சொல்லால் குறிப்பதால் ஆகிறது. ஒருவருடைய மரபணுவைக் கொண்டு இன்னோர் உடம்பை உருவாக்குவது ஒன்று. ஒருவருடைய நினைவை இன்னோர் உடம்புக்கு மாற்றுவது வேறொன்று. ஓர் ஆளை உடம்பும் நினைவுமாக அப்படியே இரண்டாக்குவது மூன்றாவது. இவற்றில் முதலாவது ஆடு, மாடு, பூனை, குரங்கு வரை நடந்தேறிவிட்டது. மற்ற இரண்டும் இன்றுவரை கற்பனைதான். விவாதத்தை நடத்துபவரின் வேலையில் பாதி, இம்மூன்றையும் ஒன்றோடொன்று கலக்க விடாமல் காப்பதிலேயே அடங்கியிருக்கிறது.

வாசகர் வட்டம், கல்லூரித் தத்துவ மன்றம், மேல்நிலைப் பள்ளி வகுப்பு ஆகியவற்றில் பன்னிரண்டு முதல் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் இந்த விவாதத்தை நடத்த விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் முதன்முதலில் நடத்திய கூட்டம் குழப்பத்தில்தான் முடிந்தது. கீழே சொல்லும் வரிசை அதற்குப் பிறகு கண்டுகொண்டது.

முதலில் இரண்டு சீட்டுகள்

எவரும் வாய் திறப்பதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் இரண்டு அரைத்தாள்களைக் கொடுத்துவிடுங்கள். முதல் தாளில், "உங்களைக் குளோன் செய்தால் உருவாகும் ஆள் நீங்கள்தானா?" என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று எழுதி, காரணத்தை ஒரே வரியில் சொல்லும்படி கேளுங்கள். பெயரைப் போட்டு மடித்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், படிக்கக் கூடாது. இப்படி எழுதி வாங்காவிட்டால் கூட்டத்தில் உரக்கப் பேசுபவரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகவும் மாறிவிடும். அதோடு, இரண்டு மணி நேரத்துக்கு முன் தாம் என்ன நினைத்தோம் என்பதே பலருக்கு மறந்துபோகும். நினைவைப் பற்றிய விவாதத்தில் இந்த மறதியே ஒரு சான்றாகப் பயன்படும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆட்டிலிருந்து தொடங்குவது

தத்துவத்துக்குள் போகுமுன், குளோனிங் உண்மையில் எப்படி நடக்கிறது என்பதை அரை மணி நேரம் செலவிட்டு விளக்குங்கள். இந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்த நினைத்தால் பின்னர் ஒரு மணி நேரம் வீணாகும். ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்கு அருகிலுள்ள ராஸ்லின் நிறுவனத்தில் 1996 ஜூலை 5 அன்று பிறந்த டாலி என்ற ஆட்டுக்குட்டியின் கதையே இதற்குப் போதுமானது.

இயன் வில்மட், கீத் கேம்பல் ஆகியோரின் குழு, ஃபின் டார்செட் இனத்தைச் சேர்ந்த ஆறு வயதுப் பெட்டையாட்டின் மடியிலிருந்து எடுக்கப்பட்ட செல்களைப் பயன்படுத்தியது. அந்தச் செல்களுக்கு ஊட்டத்தைக் குறைத்து, அவை பிளவுபடாமல் ஓய்ந்திருக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இன்னொரு பெட்டையாட்டின் கருமுட்டையை எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய கண்ணாடிக் குழலால் அதன் மரபணுப் பொருளை உறிஞ்சி வெளியேற்றினார்கள். வெறுமையான அந்த முட்டைக்குப் பக்கத்தில் மடிச்செல்லை வைத்து மின்துடிப்பு ஒன்றைச் செலுத்தியதும் இரண்டும் ஒன்றாகி, கருவாக வளரத் தொடங்கின. இப்படி இணைத்தவை 277. அவற்றுள் மாற்றிவைக்கும் பருவம் வரை வளர்ந்தவை 29. அந்த 29 கருக்களையும் 13 ஆடுகளின் கருப்பையில் வைத்தார்கள். உயிரோடு பிறந்தது ஒரே ஒரு குட்டி. சுமந்த தாய் கறுப்பு முகம் கொண்ட ஸ்காட்டிஷ் பிளாக்ஃபேஸ் ஆடு, பிறந்த குட்டியின் முகமோ வெள்ளை. ஆய்வுக்கூடச் சோதனைகளுக்கு முன்பே, சுமந்தவளின் மரபணு குட்டியிடம் இல்லை என்பதை அந்த முகம் சொல்லிவிட்டது.

இங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: மடிச்செல்லைத் தந்த ஆடு ஆறு ஆண்டுகளில் மேய்ந்த புல்வெளிகள் டாலிக்கு நினைவில் இருந்தனவா? அறையில் சிலர் சிரிப்பார்கள். இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மனிதனைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது மறந்துபோகிறது. நினைவுகள் மூளையின் நரம்புச் செல்களுக்கிடையே உள்ள இணைப்புகளில் பதிகின்றனவே தவிர, மடியிலோ தோலிலோ இருக்கும் ஒரு செல்லின் டிஎன்ஏவில் எழுதப்படுவதில்லை. அறுபது வயதுப் பெரியவர் ஒருவரைக் குளோன் செய்தால் கிடைப்பது இன்னொரு பெரியவர் அல்ல. அழுதுகொண்டு பால் கேட்கும் பச்சைக் குழந்தை. அதற்கு மொழியும் தெரியாது, அந்தப் பெரியவரின் மனைவி யாரென்றும் தெரியாது.

அடுத்ததாகப் பூனையைக் கொண்டுவாருங்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 2001 டிசம்பரில் பிறந்த சிசி, குளோனிங் முறையில் பிறந்த முதல் வளர்ப்புப் பூனை. மரபணு தந்த ரெயின்போ என்ற பூனை வெள்ளையும் கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த முந்நிறப் பூனை. சிசியின் உடம்பிலோ செம்மஞ்சள் அறவே இல்லை. பூனைகளில் செம்மஞ்சளா கறுப்பா என்பதைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அடங்கிவிடும். குளோனுக்காக எடுத்த செல்லில் செம்மஞ்சளுக்குரியது அடங்கியிருந்தது, அந்த அடக்கம் சிசியிலும் தொடர்ந்தது. இறந்த செல்லப் பிராணியைத் திரும்பப் பெறலாம் என்று நம்புபவர்களுக்கு இந்தப் பூனையின் படம் ஒன்றைக் காட்டினாலே போதும்.

மரபணுவில் ஒன்றாக இருந்தும் இரண்டு ஆட்களாக இருப்பவர்களை நாம் எப்போதுமே பார்த்து வந்திருக்கிறோம். ஒரே கருமுட்டையிலிருந்து பிளந்து பிறக்கும் இரட்டையர்களுக்குக் கைரேகைகூட ஒன்றாக இருப்பதில்லை. குளோன் என்பது காலம் தாழ்ந்து பிறக்கும் இரட்டை. சொல்லப்போனால் இரட்டையரைவிடவும் சற்று விலகியதுதான்: இரட்டையர் ஒரே முட்டையிலிருந்து வருவதால் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்களும் அவர்களுக்குப் பொது, குளோனுக்கோ அவை பெரும்பாலும் முட்டை தந்தவளிடமிருந்து வருகின்றன. "வாழையடி வாழை" என்று வாழ்த்துகிறோமே, அந்த வாழை நேரடியான குளோன். தாய்மரத்தின் பக்கக்கன்று மரபணுவில் தாய்தான். ஆயினும் குலை வெட்டிய மரமும் பக்கக்கன்றும் ஒன்றே என்று எந்த விவசாயியும் கணக்கு வைப்பதில்லை.

மனிதக் குளோனின் இன்றைய நிலை என்ன என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகருங்கள். 2018 தொடக்கத்தில் ஷாங்காய் ஆய்வாளர்கள் இரண்டு மக்காக் குரங்குகளை இம்முறையில் பிறப்பித்ததாக அறிவித்தார்கள்; வளர்ந்த குரங்கின் செல்லிலிருந்து அல்லாமல் கருவின் செல்லிலிருந்தே அது முடிந்தது. இந்தியாவில் கர்னாலிலுள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனம் 2009இல் குளோன் எருமைக் கன்றைப் பிறப்பித்தது. மனிதர் எவரும் குளோனாகப் பிறந்ததற்குச் சான்று இல்லை. 2005 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை மனிதக் குளோனிங்குக்கு எதிரான பிரகடனத்தை 84க்கு 34 என்ற வாக்குகளில் ஏற்றது, 37 நாடுகள் நடுநிலை வகித்தன. அது சட்டமாகக் கட்டுப்படுத்துவது அல்ல. இந்தியாவில் ஸ்டெம் செல் ஆய்வுக்கான வழிகாட்டு நெறிகள் மனிதனைப் பிறப்பிக்கும் குளோனிங்கைத் தடை செய்கின்றன.

இந்தப் பகுதியின் முடிவில் பெரும்பாலோர் "அப்படியானால் குளோன் நானல்ல" என்று ஒப்புக்கொள்வார்கள். என் கருத்தும் அதுவே, இதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. அறிவியல் கூட்டமாக இருந்தால் இங்கேயே தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் உண்மையான சிக்கல் இனிமேல்தான் தொடங்குகிறது, ஏனென்றால் எல்லோரும் சொல்லும் காரணம் "குளோனுக்கு என் நினைவு இல்லையே" என்பதுதான். நினைவு இருந்தால்?

நினைவை மட்டும் மாற்றிப் பார்ப்பது

இங்கே நமக்குக் கைகொடுப்பவர் திருமூலர். சேக்கிழார் சொல்லும் கதை தமிழ் வாசகர் பலருக்கும் தெரிந்திருக்கும்: கயிலையிலிருந்து தெற்கே வந்த சிவயோகியார், காவிரிக் கரையில் சாத்தனூர் இடையன் மூலன் இறந்துகிடக்க, பசுக்கள் அவனைச் சுற்றிக் கதறுவதைக் காண்கிறார். தம் உடம்பை ஓரிடத்தில் பாதுகாப்பாக வைத்துவிட்டு மூலனின் உடம்புக்குள் புகுகிறார். மாலையில் பசுக்கள் வீடு திரும்புகின்றன. காத்திருந்த மூலனின் மனைவி தேடிவந்து அவரைத் தொடப் போகிறாள். உனக்கும் எனக்கும் உறவு எதுவும் இல்லை என்று அவர் விலகிவிடுகிறார். மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்த்து, இவர் யோகத்தில் இருப்பவர், முன்போல் உன்னோடு வாழ வரமாட்டார் என்று அவளைத் தேற்றி அழைத்துச் செல்கிறார்கள்.

கதையைச் சொல்லி முடித்ததும் அறையை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒரு பாதியினர் மனைவியின் பக்கம் பேசட்டும். மற்றவர்கள் யோகியின் பக்கம். மனைவிக்கு உடம்பே சான்று: அதே முகம், அதே கை, அதே குரல். யோகிக்கு உள்ளே இருக்கும் நினைவே சான்று. பக்தியோடு கேட்டுப் பழகியவர்கள் உடனே யோகியின் பக்கம் சாய்வார்கள், அதனால் மனைவியின் பக்கம் பேச நன்றாக வாதாடக்கூடிய ஒருவரை நிறுத்துவது நல்லது.

ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1694இல் எழுப்பியதும் இதே வகைக் கேள்விதான். ஓர் இளவரசனின் ஆன்மா, அவனுடைய கடந்த வாழ்வின் உணர்வோடு, ஒரு செருப்புத் தைப்பவனின் உடம்புக்குள் புகுந்தால் அவன் யார் என்று கேட்டார். உடம்பைப் பார்த்தால் அவன் அதே மனிதன். உணர்வைப் பார்த்தால் அவன் அதே ஆள், அதாவது இளவரசன். இளவரசனின் செயல்களுக்குப் பொறுப்பாளியும் அவனே என்பது லாக்கின் விடை. மனிதன், ஆள் என்ற இரண்டு சொற்களையும் பலகையில் எழுதிப் போடுங்கள். தமிழில் "அவர் பழைய ஆளே இல்லை" என்று சொல்கிறோம். "அவர் பழைய மனிதரே இல்லை" என்றும் சொல்கிறோம். ஆகவே லாக் வகுத்த எல்லை நம் பேச்சில் அத்தனை கறாராக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நேர்மை.

லாக்கை ஏற்றவர்களைச் சற்று அசைக்க வேண்டும். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி தாமஸ் ரீட் 1785இல் முன்வைத்த எடுத்துக்காட்டு இதற்கு ஏற்றது. பழத்தோட்டத்தில் திருடியதற்காகச் சிறுவன் ஒருவன் சவுக்கடி வாங்குகிறான், வளர்ந்து படை அதிகாரியாகி எதிரியின் கொடியைக் கைப்பற்றுகிறான், முதுமையில் தளபதியாகிறான். அதிகாரிக்குச் சவுக்கடி நினைவிருக்கிறது. தளபதிக்குக் கொடியைக் கைப்பற்றியது நினைவிருக்கிறது, சவுக்கடியோ மறந்தே போயிற்று. நினைவுதான் ஆள் என்றால் சிறுவனும் அதிகாரியும் ஒருவர், அதிகாரியும் தளபதியும் ஒருவர், ஆனால் சிறுவனும் தளபதியும் வேறுவேறு. கணக்குத் தெரிந்த எவரும் இதை ஏற்கமாட்டார்கள். நினைவுச் சங்கிலியின் கண்ணிகள் ஒன்றோடொன்று கோத்திருந்தால் போதும், முதல் கண்ணியும் கடைசிக் கண்ணியும் நேரே தொட வேண்டியதில்லை என்று ஒருவர் சொல்லுவார். சரியான திருத்தம்தான். அவரைப் பாராட்டிவிட்டு, சங்கிலியே அறுந்துபோன ஒருவரை அறிமுகப்படுத்துங்கள். ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல், அவருடைய 27ஆம் வயதில், கடுமையான வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பக்கத்திலிருந்தும் புதிய நினைவுகள் பதிய உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் பெரும்பங்கை அறுவை செய்து நீக்கினார்கள். அதன்பின் 2008இல் இறக்கும்வரை புதிய நிகழ்ச்சிகளை அவரால் நினைவில் வைத்துக்கொள்ளவே முடியவில்லை. ஆய்வாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலால் வரைய வேண்டும். முதல் நாள் கோடு தாறுமாறாக ஓடியது. மூன்றாம் நாள் தடுமாற்றமின்றி வரைந்தார். ஆனால் இப்படி ஒன்றை இதற்கு முன் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. கைக்குத் தெரிந்திருந்தது, ஆளுக்குத் தெரியவில்லை.

இந்தச் சோதனையைக் கூட்டத்திலேயே செய்து காட்டலாம். ஒரு முகக்கண்ணாடி, ஒரு நட்சத்திரப் படம், கை நேரே தெரியாதபடி மறைக்க ஓர் அட்டை, இவை போதும். இரண்டு மூன்று பேர் முயன்று தோற்றுச் சிரித்த பிறகு, மூன்றாம் நாள் மொலைசன் தாமறியாமலே இதில் தேர்ந்தார் என்று சொல்லும்போது அறையில் விழும் அமைதியை நான் ஒவ்வொரு முறையும் கவனித்திருக்கிறேன். அதன்பின் கேளுங்கள்: 1953இல் படுக்கையில் கிடந்தவரும் 2008இல் இறந்தவரும் ஒரே ஆள்தானா? ஏறக்குறைய எல்லோரும் ஆம் என்பார்கள். அப்படியானால் நினைவு மட்டும் போதாது, உடம்பின் தொடர்ச்சிக்கும், நினைவுக்கு எட்டாத பழக்கத்துக்கும் சுபாவத்துக்கும் ஏதோ பங்கு உண்டு.

நினைவு பொய்க்கவும் செய்யும் என்பதை இங்கே சொல்லிவைப்பது நல்லது. 1995இல் வெளியான உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் குழுவின் ஆய்வில், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு கட்டுக்கதையை 24 பேரிடம், அவர்களுடைய உறவினர் சொன்ன உண்மைச் சம்பவங்களோடு கலந்து கொடுத்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர் அது தமக்கு நடந்ததாகவே முழுமையாகவோ ஓரளவோ நினைவுகூர்ந்தார். ஆகவே "எனக்கு நினைவிருக்கிறது" என்பதால் மட்டும் "அது எனக்கு நடந்தது" என்று ஆகிவிடாது. உண்மையான நினைவு எது என்று பிரிக்கப் போனாலோ, அது நடந்தது யாருக்கு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆள் யாரென்று கண்டுபிடிக்கத்தானே நினைவைத் தேடிப் போனோம்!

ஓர் எச்சரிக்கை. இந்தப் பகுதியை நடத்தும்போது, மறதி நோய் கண்ட தாயோ தந்தையோ வீட்டில் இருப்பவர் ஒருவராவது அறையில் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்தில் நான் அதை நினைக்காமல், நினைவு போனால் ஆளும் போய்விடுகிறார் என்று வாதத்தை ஓங்கித் தட்டிவிட்டேன். பின்வரிசையில் இருந்த அம்மையார் ஒருவர் மெல்லச் சொன்னார்: "எங்கள் அம்மாவுக்கு என் பெயர் தெரியாது, சார். ஆனால் நான் சாப்பிடாமல் படுத்தால் மட்டும் தூங்கமாட்டார்கள்." அன்றைக்கு அதற்கு மேல் லாக்கைப் பற்றிப் பேச முடியவில்லை. இப்போதெல்லாம் இப்பகுதியைத் தொடங்குமுன்பே, நோயாளிகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நாம் கூடவில்லை என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன்.

இரண்டாக்கிப் பார்ப்பது

கடைசி அரை மணி நேரத்துக்குக் கற்பனை இயந்திரம் ஒன்று வேண்டும். அது உங்கள் உடம்பின் ஒவ்வோர் அணுவையும் படித்து, வேறோர் ஊரில் அதேபோன்ற உடம்பை அதே நினைவுகளோடு உருவாக்குகிறது. ஆங்கிலத் தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1980களில் விரிவாக ஆராய்ந்த கற்பனை இது. இதைக் கேட்கும் வரிசை முக்கியம். முதலில், இங்கே இருக்கும் உடம்பு அழிந்து அங்கே புதியது உருவாகிறது என்று சொல்லி, பயணம் போவீர்களா என்று கேளுங்கள். சிலர் தயங்கினாலும் பலர் கை தூக்குவார்கள். அடுத்து, இயந்திரம் பழுதாகி இங்குள்ள உடம்பு அழியவில்லை, அங்கேயும் ஆள் உருவாகிவிட்டார், இங்குள்ளவரை ஒரு மணி நேரம் கழித்து அழிப்போம், சம்மதமா என்று கேளுங்கள். தூக்கிய கைகள் இறங்கிவிடும். அங்கே உருவானவரிடம் எந்த மாற்றமும் இல்லை. இங்கே ஒரு மணி நேரம் கூடியிருக்கிறது, அவ்வளவே. முன்பு அவர் நானாக இருந்தால் இப்போது ஏன் இல்லை? இருவரும் நானாக இருக்கவும் முடியாது, ஏனெனில் இருவர் ஒருவராக மாட்டார்.

இங்கே திருமூலர் கதையில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்றைச் சொல்லுங்கள். அவர் பாதுகாத்து வைத்த பழைய உடம்பைத் தேடிப் போனபோது அது அங்கே இல்லை. இறைவன் அதை மறைத்துவிட்டான். பழைய உடம்பும் எழுந்து வந்து நின்றிருந்தால் ஊர்ப் பெரியவர்களின் தீர்ப்பு அத்தனை எளிதாக இருந்திருக்காது.

பேச்சு ஒரே இடத்தில் சுற்றத் தொடங்கினால், "அதே ஆளா?" என்ற கேள்வியை ஒதுக்கிவைத்து, அதன் கீழே இருக்கும் சில்லறைக் கேள்விகளைக் கேட்க வேண்டும். நீங்கள் வங்கியில் வாங்கிய கடனை அந்த இருவரில் யார் கட்டுவது? வீட்டுப் பட்டா யார் பெயருக்கு? தாலி கட்டிய உறவு யாரோடு? இரண்டு ஆளாவதற்கு முன் செய்த கொலைக்கு யாரைத் தண்டிப்பது, ஒருவரையா இருவரையுமா? நாளை அவருக்குப் பல் வலிக்கும் என்று சொன்னால் இன்று உங்களுக்கு அச்சம் வருமா? நான் நடத்திய கூட்டங்களில் இந்த ஐந்துக்கும் ஒரே விடை சொன்னவர் மிகக் குறைவு. கடனை இருவரும் பகிரலாம் என்பார்கள், பட்டா பழைய உடம்புக்கே என்பார்கள், கொலைக்கு இருவரையும் தண்டிக்கலாம் என்பார்கள், திருமணத்தில் வாயடைத்துப் போவார்கள். கடனுக்குக் கணக்கு வேண்டும், குற்றத்துக்கு நினைவு வேண்டும், உறவுக்கோ எதிரில் இருப்பவரின் சம்மதம் வேண்டும். "நான்" என்ற ஒரே சொல் இத்தனையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது, ஒரு உடம்பு ஒரு நினைவு என்று வாழும்வரை அந்தக் கட்டு அவிழ்வதில்லை என்பது என் எண்ணம். இதை உங்கள் கூட்டத்தில் சொல்ல வேண்டாம். அவர்களே அங்கு வந்து சேர்ந்தாலும் சேரலாம், வேறெங்காவது போனாலும் போகலாம்.

முடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டாவது சீட்டில் அதே முதல் கேள்வியை மறுபடி எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு முதல் சீட்டைப் பிரிக்காமல் அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள். பெரும்பாலோர் இரண்டிலும் "இல்லை" என்றுதான் எழுதியிருப்பார்கள், காரணம் எழுதும் அந்த ஒரு வரி மட்டும் மாறியிருக்கும். சிலர் இரண்டாவது சீட்டை வெறுமையாகவே வைத்திருப்பார்கள்; அவர்களை எதுவும் கேட்காமல் வீட்டுக்கு அனுப்புங்கள்.